படத்தில் இல்லாத நாலு தூண்

— அண்ணி, கம்பு சாயுது. நேரா புடிங்க.

— நேராத்தாண்டி புடிச்சிருக்கேன் கவி. கம்பு உச்சியில கீற இந்தக் கண்ணாடிதான் உன்னையே பாத்துக்கினு கீது, நான் சொன்னா எங்க கேக்குது?

— கம்புல ஒரு நீர்க்குமிழி இருக்குல்ல, அது வட்டத்துக்கு நடுவுல நிக்குதா பாருங்க.

— நிக்குது... போச்சு... தோ, வந்துடுச்சி. சட்டுனு போட்டோ புடிச்சிக்கோ.

— போட்டோ இல்ல அண்ணி. மிஷின்லேருந்து வெளிச்சம் போயி அந்தக் கண்ணாடியில பட்டு திரும்பி வருது. தூணு எங்க நிக்குதோ அங்க கம்ப்யூட்டர் ஒரு புள்ளி வெச்சிக்கும்.

— புள்ளி வெக்கறதுக்கா மெட்ராசுல போயி படிக்கற? தெனம் காலையில வாசல்ல நான் வெக்கறேனே!

— சிரிக்க வெக்காதீங்க, மிஷின் ஆடிடும்.

— ஆடட்டும். கம்பு புடிக்க வர்றேன்னு சொன்னாளே உன் ஃப்ரெண்டு, அவ எங்க?

— அவளுக்கு ஜுரம். அதான் உங்கள இழுத்துக்கிட்டு வந்தேன்.

— நல்லா இழுத்த போ. நாளைக்கு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு மாவு ஆட்டணும். கடைய மூடிட்டு இங்க கம்பு புடிச்சிக்கினு நிக்கறேன். இன்னும் எத்தினி கீது?

— முடிஞ்சிது. வாங்க, லேப்டாப்ல காட்றேன். பாத்து தொடுங்க, காலேஜுது.

— ஐய, அழகா கீதே! காக்கா மேலருந்து பாக்கற மாதிரி. இது கிரிவலப் பாதை, இது குளம்... இந்த கட்டம் கட்டமா இருக்கறதெல்லாம் தூணா?

— ஆமா. நம்ம மண்டபம்தான். சம்புவராயர் காலத்துதா இருக்கணும், எழுநூறு வருஷம் ஆவுது. பன்னெண்டு தூணு.

— சரி, நம்ம கடை எங்க?

— கடை எதுக்கு அண்ணி மண்டபத்துப் படத்துல?

— கடையே மண்டபத்துக்குள்ளதானடி கீது! நாலு தூணுக்கு நடுவுல சுவரு வெச்சி உங்கம்மா போட்ட டிபன் கடை. அடுப்புக்குப் பின்னாடி ஒரு தூணுல யாளி கீது, அது வாயிலதான் நான் சாவியே வெக்கறேன். அந்த நாலு தூணும் எங்க போச்சி? மறந்துட்டியா?

— மறக்கல. வேணும்னுதான் விட்டேன்.

— ஏன்?

— மேற்குப் பக்கம் இடிஞ்சி போச்சினு எங்க மேடத்துகிட்ட சொல்லிட்டேன்.

— நம்பிட்டாங்களா?

— எங்க நம்பறாங்க? மிச்சத் தூணெல்லாம் ஒரே இடைவெளியில நிக்குது. கம்ப்யூட்டர்ல கோடு இழுத்தா நேரா நம்ம கடைக்குள்ள போவுது. அங்க என்ன இருக்குனு அளந்துட்டு வா, இல்லன்னா இந்தப் படத்த வாங்க மாட்டேனுட்டாங்க.

— அப்ப அளக்க வேண்டியதுதானே? நான் என்னா வேணாம்னா சொன்னேன்?

— உங்களுக்குப் புரியல அண்ணி. அந்த நாலு தூணையும் போட்டா, படம் தொல்லியல் ஆபீஸுக்குப் போவும். மண்டபத்தப் பழையபடி ஆக்கறோம்னு வருவாங்க. மொதல்ல உங்க சுவரத்தான் இடிப்பாங்க.

— அதுக்காவ பொய்ப் படமா போட்டு வெச்சிருக்க?

— அம்மா போனப்புறம் அந்தக் கடைதான் எனக்கு வீடு. ஸ்கூல் விட்டு வந்து அரிசி மூட்ட மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நீங்க வேவாரத்துக்கு நடுவுல வந்து எனக்கு ஒரு வாய் தோச ஊட்டிட்டுப் போவீங்க. அத இடிக்கச் சொல்லி என் கையாலயே கோடு போடணுமா? படம் செல்லாட்டி போவட்டும்.

— பட்டம்?

— வேற எதாச்சும் எழுதி அடுத்த வருஷம் வாங்கிக்கறேன்.

— ஒண்ணு வெச்சேன்னா தெரியும்! அடுத்த வருஷமாம்.

— அண்ணி... அழுவறீங்களா?

— சிரிக்கறேன்டி. இப்டி உக்காரு. ஒண்ணு சொல்றேன், உங்க அண்ணன் காதுக்குப் போவக் கூடாது. எனக்கு அந்தக் கடையே புடிக்காது.

— என்னது?

— வந்த நாளா புடிக்காது. ஒரு ஜன்னல் கெடையாது. புகை, வேக்காடு. கல்யாணமாயி வந்த ஒடனே உங்கண்ணன் கரண்டிய என் கையில குடுத்து, ‘எங்கம்மா நின்ன எடம் வேதா, நீ பாத்துக்க’ன்னு சொல்லிட்டு அழுதாரு. அந்த மூஞ்சியப் பாத்து முடியாதுனு எப்டி சொல்றது? செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையலுக்கு வா வானு கூப்டுக்கினே கீறாங்க. மாசச் சம்பளம். சமையக்கட்டுல ஃபேன் வேற! வர முடியாதுன்னே சொல்லிக்கினு கீறேன்.

— இத ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?

— எப்டி சொல்றது? அவருக்கு அது அம்மா. உனக்கு அது வீடு. எனக்கு மட்டும் புகைனு நான் சொல்லணுமா?

— அண்ணி, ஆட்டோ சத்தம். அண்ணன்தான்.

— வாயத் தொறக்காத.

— இன்னா, நாத்தனாரும் அண்ணியும் இந்த முழி முழிக்கிறீங்க? மிஷின ஒடைச்சிட்டீங்களா?

— இல்லண்ணா. ஒண்ணு கேக்கணும், கோவப்படாத. படத்த ஒழுங்கா போட்டா நம்ம கடைய எடுக்கச் சொல்லுவாங்க.

— எடுத்துத்தான் ஆவணுமா?

— அநேகமா.

— வேதாவுக்குத் தெரியுமா இது?

— தோ, பக்கத்துலதானே நிக்கறேன். என்னையே கேளுங்களேன்.

— நீ இன்னா சொல்ற வேதா?

— உங்கம்மா வெச்ச கடை. நீங்கதான் சொல்லணும். நீங்க எப்டி சொல்றீங்களோ அப்டி.

— எங்கம்மா அந்தப் புகையில இருமி இருமியேதான் போய்ச் சேந்துச்சி. இன்னிக்கும் அந்தக் கதவத் தொறந்தா எனக்கு நெஞ்ச அடைக்குது. அதான் உள்ளயே வராம ஆட்டோவுல உக்காந்து சாப்டறேன். அன்னிக்கி வேற வழி இல்லாம கரண்டிய உன் கையில குடுத்தேன், நீ சிரிச்சிக்கினே வாங்கின. உனக்கு அந்தக் கடைன்னா உசுருன்னுதானே வேதா, நான் இத்தினி வருஷமா அத இடிக்காம வெச்சிருக்கேன்!