பொட்டு வைத்த அருவாள்

என் பெயர் உலகம்மாள். வயது 46. காலஞ்சென்ற சிவசண்முகத்தின் மனைவி. களக்காடு வடக்குத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். வாழைத்தார் வாங்கி மண்டிக்கு அனுப்புவது தொழில். எழுதப் படிக்கத் தெரியும். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் வைத்து, குற்றவியல் நடுவர் அவர்கள் முன்பாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். என் வலது கையில்தான் தையல் போட்டிருக்கிறது, புத்தி தெளிவாகவே இருக்கிறது.

என் கணவர் 1994ஆம் வருடம் இறந்தார். அவர் விட்டுப்போனது ஒரு பழைய பிக்கப் வண்டி. அதை வைத்துத்தான் பிழைத்து வருகிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் பிச்சைக்கண்ணு என்பவனை டிரைவராக வைத்திருந்தேன். இறந்துபோன கணேஷ்ராம் என் கூடப்பிறந்த ஒரே தம்பி. களக்காடு வாழைத்தார் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தான். கணவன் இறந்தால் கூடப்பிறந்தவன் வந்து கோடிச் சேலை போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் தம்பி போடவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஊரறிய அவனைத் திட்டியிருக்கிறேன். மண் வாரித் தூற்றியும் இருக்கிறேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்த வருடம் பங்குனி மாதம், மண்டி வாசலில் வண்டியைக் குறுக்கே போட்டான் என்று என் தம்பி பிச்சைக்கண்ணுவைச் செருப்பால் அடித்துவிட்டான். சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வரும்போது பிச்சைக்கண்ணுவின் கன்னம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்து, “அந்தப் பாவி கைய வெட்டிப் போட இந்த ஊர்ல ஒரு ஆம்பள இல்லியாலே?” என்று நான் அவனிடம் சொன்னது உண்மை. ஆத்திரத்தில் அப்படிச் சொல்லாத பொம்பளை எங்கள் தெருவில் ஒருத்தியும் கிடையாது. குலைக்கிற நாய் கடிக்காது என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அதன் பிறகு, கோடை கழிந்த சமயத்தில், வண்டியின் டேஷ்போர்டுக்குள் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் ‘கிணிங்’ என்று ஒரு சத்தம், பிரேக் போட்டால் இரும்பை இரும்பில் தேய்ப்பதுபோல் இன்னொரு சத்தம். எனக்குச் சத்தம் பொறுக்காது. பிச்சைக்கண்ணுவிடம் கேட்டால், “கெழட்டு வண்டிக்கா, மொனங்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிடுவான். ஏர்வாடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சேக் முகம்மதுவிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் ஸ்பீடோமீட்டர் கேபிளை மாற்றினார். அடுத்த தடவை டேஷ்போர்டு திருகாணிகளை எல்லாம் முறுக்கி, ரப்பர் வைத்து அனுப்பினார். இரண்டு தடவையும் பிச்சைக்கண்ணுதான் ஓட்டிக் காட்டினான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை டேஷ்போர்டிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். சத்தம் வரவில்லை. “ஒங்க வண்டி பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரில்லா இருக்கு. வாத்தியாரக் கண்டா வாயத் தொறக்க மாட்டேங்கு” என்று என்னைக் கேலி செய்தார். வீட்டுக்கு வந்ததும் சத்தமும் வந்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது மட்டும் பிச்சைக்கண்ணு உள்ளே துணியைத் திணித்து வைத்தான் என்பது போலீசார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு தசரா வந்தது. பிச்சைக்கண்ணு நேர்ச்சைக்கு வேஷம் கட்டுவதாகச் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு குலசேகரன்பட்டினம் போய்விட்டான். ஆயுத பூஜை அன்று காலையில் சேக் முகம்மதுவே களக்காட்டுக்கு வந்து வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். பள்ளமும் மேடுமான பத்துக்காட்டு வயல் பாதையில் இறங்கியதும் சத்தம் வந்தது. அவர் அங்கேயே வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டைக் கழற்றி, ஸ்டியரிங் தண்டுக்கு மேலே கையை விட்டு வெளியே இழுத்தார். ஒரு அருவாள். கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு அதில் தொங்கவிட்டிருந்தது. நுனி துருப்பிடித்திருந்தது.

“இந்தா இருக்கு ஒங்க சத்தம். யாருக்குக்கா இது?” என்று கேட்டார்.

“தார் வெட்டத்தான். செக்போஸ்ட்டுக்குப் பயந்து ஒளிச்சு வச்சிருக்கான், கிறுக்குப்பய” என்று நான் சொன்னேன்.

பார்த்ததும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கிறார்கள். வரவில்லை. வாழைத் தொழில் செய்கிறவர்கள் வண்டியில் அருவாள் இல்லாமல் எப்படி இருக்கும்? ஊர்ச் சண்டைகள் நடந்த சமயம் என்பதால் வண்டியில் அருவாளைப் பார்த்தாலே போலீசார் இறக்கி நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊரில் பல டிரைவர்கள் ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள்.

அன்று வண்டிக்கும் ஜாக்கிக்கும் ஸ்பேனர்களுக்கும் பூஜை போட வேண்டியிருந்தது. கையில் கிடைத்த கருவியைத் துருவோடு பூஜைக்கு வைக்கலாமா? நான்தான் கொல்லனிடம் கொடுத்துச் சாணை பிடிக்கச் சொன்னேன். கழுவித் துடைத்து, சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்ததும் நான்தான். மறுநாள் மறுபூஜை முடிந்த பிறகு, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னதும் நான்தான். டேஷ்போர்டை மாட்ட மறுநாளும் வந்த சேக் முகம்மது கொக்கியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, இரும்பில் இடிக்காதபடி, கைப்பிடி கீழே வருமாறு மாட்டினார். அவர் என் சத்தத்தை நிறுத்தத்தான் அப்படிச் செய்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பிச்சைக்கண்ணு வேலைக்கு வந்தான். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. “என்னலே, சத்தத்த எங்க?” என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தோட்டத்தில் நான் இறங்கித் தார்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் உள்ளே கையை விட்டு எடுத்துப் பார்த்திருக்கிறான். நான் திரும்பி வந்து ஏறும்போது அவன் முகம் வெளிறியிருந்தது. தசராவில் கண் முழித்த களைப்பு என்று நினைத்தேன். மண்டி போய்ச் சேரும் வரை பள்ளங்களில் வண்டியைப் பைய இறக்கி, பைய ஏற்றினான்.

மண்டி வாசலில் கணேஷ்ராம் நின்றுகொண்டிருந்தான். என் வண்டியைக் கண்டதும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பினான். நானும் வழக்கம்போல் முகத்தைச் சுளித்தேன். பிச்சைக்கண்ணு என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அதன் பிறகு கையைக் கீழே விட்டான், அருவாளோடு குதித்தான். நான் கத்துவதற்குள் முதல் வெட்டு விழுந்துவிட்டது. தம்பி கையை உயர்த்தித் தடுத்தான். விரல்கள் தார்க்குவியலில் போய் விழுந்தன. இரண்டாவது வெட்டு தோளில். மூன்றாவது கழுத்தில் பட்டு எலும்பில் மாட்டிக்கொண்டது. பிச்சைக்கண்ணு காலை வைத்து மிதித்து அதைப் பிடுங்கினான். அதற்குள் நான் ஓடி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் என் கையில் வெட்டு விழுந்தது. பச்சைத் தார்கள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. சுமைக்காரர்கள் ஓடிவிட்டார்கள்.

“ஏன்லே இப்படிச் செஞ்ச? எந்தம்பிலே!” என்று அலறினேன்.

“நீங்கதானக்கா தீட்டிப் பொட்டு வச்சுத் தந்திய! இத்தன மாசம் எனக்குத் துணிச்சல் இல்லக்கா. பொட்டப் பாத்த பொறவுதான் வந்துது” என்றான். அருவாளை என் காலடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

என் தம்பி தரையில் கிடந்து அதைக் கேட்டான். அவன் கண் திறந்திருந்தது, என்னையே பார்த்தது. நான் மடியில் தூக்கி வைத்து, “பொய்யிலே, நான் சொல்லலைலே” என்று கத்தினேன். அவன் விரல் மிச்சமிருந்த கையால் என் கையைத் தள்ளிவிட்டான்.

ஒரே வேனில்தான் எங்கள் இருவரையும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் பேசினேன், அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் நினைவோடு இருந்தபோது, “எங்க அக்காதான் ஆள் வச்சு வெட்டுனா” என்று சொல்லிவிட்டுச் செத்தான் என்று போலீசார் சொல்கிறார்கள். அவனைப் பார்க்கக் கேட்டேன், விடவில்லை. அவன் மனைவி மதுமதி வராந்தாவில் நின்று என்னை வாரித் தூற்றியது இந்த அறை வரை கேட்டது. அவள் பேசியதில் தப்பு இல்லை.

என் தம்பிமேல் எனக்கு வருத்தம் இருந்தது. அவன் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சாணை பிடிக்கக் கொடுத்தது நான், வெட்டச் சொன்னது நான் இல்லை. கோர்ட்டில் என்னைத் தண்டித்தாலும் விட்டாலும், அவன் என்னை நம்பாமல்தான் போனான். இனி அவனிடம் சொல்ல எனக்கு வழி இல்லை. அதனால் இதை மதுமதிக்கு ஒரு தடவையாவது வாசித்துக் காட்டும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்தது இதுதான், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. வலது கை கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
சி. உலகம்மாள்