நாலு பட்டன்

‘நன்றி’ என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் கொடுத்து, அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்கச் சொன்னால், நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்?

கோஹாருவுக்கு ஒன்பது வயது. பேச்சு வராது. டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். அப்படி நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. மார்ச் கடைசியில், கல்வியாண்டு முடிந்ததும், நகரக் கல்வி அலுவலகம் பள்ளிகளில் இருந்த எல்லா டேப்லெட்டுகளையும் ஒரே நாளில் துடைத்துப் புதிதாக்கியது. கோஹாருவுக்கு மிஞ்சியது நாலு பட்டன்.

எங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரே அறை. மேசைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். யார் போனில் பேசினாலும் அறை முழுக்கக் கேட்கும். ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி மாலை நாலு மணிக்கு வந்த அழைப்பை நுமாதா டீச்சர் எடுத்தார். சிறப்பு வகுப்புப் பிள்ளைகளின் டேப்லெட்டுகளையும், அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பான ஊழியர்களின் டேப்லெட்டுகளையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மறுமுனையில் கல்வி அலுவலகத் துறைத் தலைவர் குசுமோதோ; அந்தப் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர், பெயரோடு ‘சான்’ சேர்ப்பது எங்கள் ஊர் மரியாதை. எங்களுக்குக் கேட்டது டீச்சர் பேசியது மட்டும்தான்.

ஹலோ... ஆமா, நுமாதாதான் பேசுறேன்... அடடே, குசுமோதோ-சானா! இன்னிக்கு நீங்க கூப்பிடுவீங்கன்னு காலையில இருந்து போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்... எப்படித் தெரியுமா? சும்மா ஒரு நம்பிக்கைதான்...

சொல்லுங்க... ம்... ம்... எதைத் தொட்டாலும் நாலு பட்டன்தான் வருதா... என்னென்ன பட்டன்? ஒண்ணொண்ணா படிங்களேன்... தெரியும், தெரியும், இருந்தாலும் உங்க வாயால கேக்கணும்... ‘காலை வணக்கம்’... ஆமா... ‘நன்றி’... சரி... ‘மன்னிக்கணும்’... ‘சாப்பிடலாமா’... ஆமா ஆமா, நாலேதான். அஞ்சாவதைத் தேடாதீங்க. நான் மூணு வாரமா தேடிட்டேன், இல்ல.

கெட்டுப் போகலைங்க... கெட்டுப் போகலைன்னு சொல்றேன்ல. நான்தான் பூட்டுனேன்... நானேதான். காலையில எட்டு மணிக்கு, இந்த நாற்காலியில உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே...

மெதுவா, மெதுவா. இந்த ரிசீவர் பழசு, கத்துனா காதுல குத்துது...

யாரைக் கேட்டுப் பூட்டுனேனா? உங்களைக் கேட்டுத்தான்... ஆமா, உங்களைத்தான். இருங்க, காகிதம் கையிலதான் இருக்கு. படிக்கிறேன். ‘சிறப்பு வகுப்புப் பிள்ளைகளின் நிலையை உணரும்பொருட்டு, ஏப்ரல் 24 காலை முதல் 25 மாலை வரை, பொறுப்பு ஊழியர்களின் டேப்லெட்டுகள் பிள்ளைகளின் டேப்லெட்டைப் போலவே அமைக்கப்படும்.’ கீழ முத்திரை குத்த அஞ்சு கட்டம். கடைசிக் கட்டத்துல சிவப்பா, வட்டமா, கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி உங்க முத்திரை. மை நல்லா பிடிச்சிருக்கு...

படிக்கலையா?... அய்யய்யோ, படிக்காமலா முத்திரை குத்துனீங்க?... ஆமா ஆமா, ஒரு நாளைக்கு நாப்பது காகிதம் வந்தா எங்க படிக்கிறது. அது தெரிஞ்சுதான் நடுவுல சொருகி அனுப்புனேன். மேல சாக்பீஸ் வாங்குற காகிதம், கீழ நீச்சல் குளம் கழுவுற காகிதம்...

சூழ்ச்சியா? சரி, சூழ்ச்சின்னே வெச்சுக்குங்க. ஆனா மார்ச்ல அனுப்புனது சூழ்ச்சி இல்ல. ‘இந்த ஒரு டேப்லெட்டை மட்டும் துடைச்சுடாதீங்க, இது கோஹாருவோட வாய்’னு எழுதி, சிவப்புக் கோடு போட்டு, தனியா அனுப்புனேன். அதுலயும் இதே முத்திரை. இதே சாய்வு... அதையும் படிக்கலை, இல்லையா?... இல்லையான்னு கேட்டேன்...

ம். அப்படிச் சொல்லுங்க.

நாளைக்கா? ஒன்பதரைக்கு நகர்மன்றக் கூட்டம், தெரியும். நீங்கதானே பேசப்போறீங்க, அதுவும் தெரியும். என்ன தலைப்பு?... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இப்ப காதுல விழல... ‘ஒரு பிள்ளையையும் விட்டுவிடாமல்: எங்கள் ஊரின் டேப்லெட் கல்வி’... ம்ம். நல்லா இருக்கு. கேக்கவே நல்லா இருக்கு.

பேச்சு நாப்பத்தாறு பக்கமும் அந்த டேப்லெட்டுக்குள்ளதான் இருக்கா... அய்யோ பாவம். நகல் எடுத்து வெக்கலையா?... கோஹாருவோட அம்மா அவ படங்களுக்கெல்லாம் நகல் எடுத்து வெச்சிருக்காங்க, பாத்தீங்களா. மீன் கொட்டகையில பெட்டி அடுக்குற பொம்பளை. அவங்களுக்குத் தோணியிருக்கு.

இல்ல, நீங்க கேளுங்க. இன்னிக்கு நீங்கதான் கேக்கணும். நாலு வருஷமா அந்த அம்மா ஒண்ணொண்ணா போட்டோ எடுத்துச் சேத்தாங்க. ‘நாயோட வாலு’ன்னு ஒரு படம். ‘மீன் தோலு வேண்டாம்’. ‘சட்டையில பின்னால குத்துது’. ‘அம்மா இன்னும் வரலையே’ன்னு ஒண்ணு, சைக்கிள் படம் போட்டு. நானூத்திப் பன்னெண்டு. எல்லாத்தையும் துடைச்சுட்டு, என்ன விட்டு வெச்சீங்க? மரியாதை. வணக்கம், நன்றி, மன்னிப்பு, சாப்பாடு... புதுசா ஒரு படம் சேக்கலாம்னா ‘அலுவலக அனுமதி தேவை’ன்னு வருது.

ரெண்டாவது வாரம் ஒரு நாள் வகுப்புல ‘நன்றி’ அழுத்துனா. நான் ‘பரவாயில்லம்மா’ன்னேன். திரும்பவும் ‘நன்றி’. ‘எதுக்கும்மா’ன்னேன். பதினோரு தடவை, குசுமோதோ-சான். பதினோரு தடவை நன்றி. நாங்க எல்லாரும் சிரிச்சோம், எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு. நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்தா நாற்காலிக்குக் கீழ ஈரம். அவ தன் கையைக் கடிச்சுக்கிட்டு இருந்தா...

இப்ப அவ ‘நன்றி’ன்னா நாங்க எந்திரிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டு ஓடுறோம். அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது. நான் அன்னிக்குச் சிரிச்சேன் பாருங்க, அதுக்கும் சேத்துத்தான் உங்களைப் பூட்டுனேன்.

நகலை ஏத்த நாப்பது நிமிஷம் போதும். ஏழாம் தேதியே அனுமதி கேட்டேன். பதில் ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. ‘ஒரு மாணவிக்கு மட்டும் தனிச் சலுகை அளிப்பது மற்றவர்களுக்கு அநீதி.’ இப்ப நீங்க என்ன கேக்குறீங்க? உங்க ஒருத்தருக்கு மட்டும் திறந்துவிடச் சொல்றீங்க. மத்த பொறுப்பாளருங்க ஆறு பேரு பூட்டோடதானே உக்காந்திருக்காங்க? அவங்களுக்கு அநீதி இல்லையா?...

வேலையை விட்டு எடுத்துருவீங்களா... எடுங்க. நான் ஒரு வருஷ ஒப்பந்த ஆள்தானே, என்னையும் வருஷா வருஷம் மார்ச் கடைசியில துடைச்சுட்டு ஏப்ரல்ல திரும்ப ஏத்துறீங்க. பழகிடுச்சு... துணைத் தலைமையாசிரியரே, நீங்க எதுக்கு கையை ஆட்டுறீங்க? டீயைக் குடிங்க, ஆறிடும்... இல்ல, உங்களை இல்ல, இங்க ஒருத்தர் பயப்படுறாரு.

சரி, திறக்கணுமா? கேளுங்க... வாயால இல்ல. அந்த டேப்லெட்டால கேளுங்க... விளையாடலை. போன்கிட்ட வெச்சு அழுத்துங்க, நான் காத்திருக்கேன்... அவ மூணு வாரம் காத்திருக்கா, எனக்கு என்ன...

ம், கேட்டுச்சு. ‘காலை வணக்கம்’. இது சாயங்காலம்...

இது ‘சாப்பிடலாமா’. மாத்தி அழுத்திட்டீங்களா? பெரிய பட்டன்தானே, அவ சரியா அழுத்துவா...

ஆங். ‘மன்னிக்கணும்’. யார்கிட்ட கேக்குறீங்க?... என்கிட்ட எதுக்கு? எனக்கு வாய் இருக்கே.

நாளைக்குக் காலையில நேர்ல வாங்க. அனுமதிக் காகிதம் எடுத்துட்டு வாங்க, முத்திரையோட. இந்தத் தடவை படிச்சுட்டுக் குத்துங்க... இல்ல, ஆள் அனுப்பாதீங்க, நீங்கதான் வரணும். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, எங்க சிறப்பு வகுப்புக்கு வந்து, அவ முன்னால அந்தப் பட்டனை அழுத்துங்க. முதல்ல அவளோடது ஏறட்டும். அப்புறம் உங்களோடதைத் திறக்குறேன்...

இன்னிக்கேவா? அவ வீட்டுக்குப் போயிட்டா. அவ இல்லாம ஆரம்பிக்க மாட்டேன்... காலையில அவ பஸ் எட்டு நாப்பதுக்குத்தான் வரும்... ஆமா, அதுக்கு மேல நாப்பது நிமிஷம். ஒன்பது இருபது. அப்புறம் நகர்மன்றம் வரைக்கும் காரு. நீங்களே பாத்துக்குங்க... முன்னாடியா? உங்களோடது முன்னாடியா?... இல்ல. முடியாது. அவ முன்னாடி... கெஞ்சாதீங்க குசுமோதோ-சான், அறையே கேக்குது...

வருவீங்களா... கண்டிப்பா?... சரி. சரி... என்ன சொன்னீங்க?... என்ன?... ‘நன்றி’யா? எல்லாத்தையும் விட்டுட்டு அந்த வார்த்தையா கிடைச்சது உங்களுக்கு? அதை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. வெச்சுடுறேன்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கே குசுமோதோ வந்துவிட்டார். முத்திரை குத்திய காகிதம் கையில் இருந்தது. எட்டு நாற்பதுக்குக் கோஹாரு வந்தாள். அவர் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தன் டேப்லெட்டில் ‘மன்னிக்கணும்’ பட்டனை அழுத்தினார். அவள் தன்னுடையதில் ‘நன்றி’யை அழுத்தினாள். அவர் கண் கலங்கி, தலை குனிந்து, சிரித்தார். நுமாதா டீச்சர் எழுந்து அவளைக் கழிவறைக்குக் கூட்டிப்போனார்.