எலுமிச்சைக் கேக் வந்த ஆறாம் பக்கம்

எலுமிச்சைக் கேக் செய்ய வெண்ணெய் இளகியிருக்க வேண்டும். பத்திரிகையில் போட்ட குறிப்பில் இதை எழுத விட்டுவிட்டேன். மற்றபடி, வக்கீல் சார், நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இரண்டு ஆறாம் பக்கங்களும் நான் அச்சிட்டவைதான். ஒரே வியாழக்கிழமைப் பத்திரிகை. ஒன்றில் கேக் இருக்கிறது, மற்றதில் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு கவுண்டித் தலைவர் ராய்ஸ் ஹெம்ப்ரீ என் அலுவலகத்துக்கு வந்தார். வெளியூர்க் கம்பெனி ஒன்று கேன் ஓடைக்கரையில் ரசாயனக் கழிவுக்குக் குழி வெட்டப்போகிறது என்றார். அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் வர வேண்டும். முப்பது நாளுக்குள் ஓடைக்கரைக்காரர் ஒருவர் ஆட்சேபித்தாலும் விசாரணை வைத்தாக வேண்டும்.

"பத்திரிகையில வரணும்னு சட்டம் சொல்லுது, கார்லண்ட். எத்தனை பிரதியில வரணும்னு சொல்லுதா?"

சொல்லவில்லை. கவுண்டி காசு கொடுத்துப் போடும் அறிவிப்புகள் இல்லாமல் எங்கள் பத்திரிகை ஒரு வருடம்கூடத் தாங்காது. அவற்றை யாருக்குத் தருவது என்று முடிவு செய்பவர் ராய்ஸ். அவர் மிரட்டவில்லை, கேட்டார். அவ்வளவுதான்.

அச்சு இயந்திரத்தை நானே ஓட்டினேன். ஐந்து பிரதி ஓடியதும் நிறுத்தி, ஆறாம் பக்கத்து அச்சுத் தகட்டை மாற்றி, மிச்சத்தைக் கேக் குறிப்போடு ஓட்டினேன். ஐந்தில் மூன்று சான்றாகக் கோர்ட்டுக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று எங்கள் கோப்புக்கு. வெளியிட்டதாகச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். வெளியிட்டிருந்தேனே.

ஓடைக்கரையில் எல்லோருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். அங்கே ஒர்னீஸ் லைல்ஸ் என்ற அம்மாள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் பத்திரிகையைச் சர்ச்சில் உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த வாரமே அந்தக் கேக்கைச் செய்து எனக்குக் கொண்டுவந்தார்.

"வெண்ணெயப் பத்தி ஒரு வார்த்த எழுதக்கூடாதா, மிஸ்டர் கார்லண்ட்? மொதத் தடவ கல்லு மாதிரி வந்துச்சு. அப்புறம் என் மச்சினன் செத்த சேதியில அவன் பேரத் தப்பாப் போட்டிருக்கீங்க. உயிரோட இருந்தப்பவும் அவன ஒருத்தரும் சரியாக் கூப்பிட்டதில்ல. ஒரு எழுத்து விடாமப் படிக்கிறவ நான், பாத்துக்கோங்க."

மறு வியாழனே பெயருக்குத் திருத்தம் போட்டேன். கேக் நன்றாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து லாரிகள் வந்தன. எங்களைக் கேட்காமல் எப்படிக் குழி வெட்டலாம் என்று ஒர்னீஸ் வந்து நின்றார். எங்கள் கோப்பைத் திறந்து அறிவிப்பைக் காட்டினேன். விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

"அப்ப நான்தான் பாக்காம விட்டிருக்கேன். அத்தன பேரும் என்ன நம்பித்தான உக்காந்திருந்தாங்க."

நான் கோப்பை மூடி அலமாரியில் வைத்தேன். அந்த ஞாயிறு சர்ச்சில் எழுந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் பத்திரிகையை உரக்கப் படித்ததே இல்லை.

மூன்றாம் வருடம் அவருடைய பேரன் போனான். ஆறு வயது, ரத்தப் புற்று. பிறகு வேறு வீடுகளில் மூன்று பிள்ளைகள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் ஒருவழியாக அமைதிக்கு வந்திருந்தார். அதைக் கிளற எனக்கு மனம் வரவில்லை.

கேக் குறிப்பைத் தேதியோடு முழுப் பக்கமாக வெட்டி அவர் பைபிளுக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. போன மாதம் மகளுக்குக் கொடுக்க எடுத்தவர், மேலே இருந்த தேதியையும் பக்க எண்ணையும் பார்த்திருக்கிறார். அறிவிப்பு வந்த தேதியும் பக்கமும் அவருக்கு ஒன்பது வருடமாக மனப்பாடம். என்னிடம் வரவில்லை, உங்களிடம் வந்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். குழி எங்கே வெட்டுகிறார்கள், எந்தக் கிணறுகள் பக்கத்தில் இருக்கின்றன, எல்லாம் தெரிந்துதான் தகட்டை மாற்றினேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நான்கு பிள்ளைகளின் மரணச் செய்தியையும் காசு வாங்காமல் படத்தோடு போட்டேன். பத்திரிகை நின்றுபோயிருந்தால், அவர்கள் பெயரைப் பிழையில்லாமல் போட வேறு யார் இருந்தார்கள்?