இரண்டு மிதி

மாலை ஏழு மணி இருக்கும். மலாக்கா பக்கம், அலோர் காஜாவிலிருந்து உள்ளே போகும் எஸ்டேட் சாலை... இரண்டு பக்கமும் ரப்பர் மரம், மேலே மழை இருட்டு. எதிரே ஒரு சைக்கிள்கூட வராது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். பாலா காரோடு வந்து நம்மை ஏற்றிக்கொள்வதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். என் சிநேகிதன் ஒருவனுடைய அப்பாவுக்கு நடந்தது. பெயர் சேகரன். எஸ்டேட் லோரி டிரைவர். தைரியசாலி என்று சொல்லமாட்டேன், நல்ல மனுஷன்.

அன்று அவர் ஓட்டியது லோரி இல்லை, எஸ்டேட்டின் பழைய கார். பின் சீட்டில் அவர் மனைவி கமலவேணி. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி பெரியநாயகி சொல்லிவிட்டாள். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

வழியில் ஒரு மேடு. உச்சியில் வளைவு. வண்டி அங்கே தயங்கினால் போதும்... காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகள் சுடுவார்கள். முன்பு இதே காரை ஓட்டிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு, சேகரனின் கூட்டாளி, போன மாதம் அங்கேதான் குண்டடிபட்டுச் செத்தான். ஆனால் வண்டி நிற்கவில்லை. உயிர் போன பிறகும் அவன் கால் அதை மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது என்று எஸ்டேட்டில் பேச்சு.

அந்தக் காலத்துக் கியர் லேசில் மசியாது. ஓடுகிற வண்டியில் கியரைக் குறைக்க வேண்டுமானால் கிளட்சை ஒரு மிதி மிதித்து, கியரை நடுவில் விட வேண்டும். காலை எடுத்து, எக்ஸிலேட்டரை அழுத்தி எஞ்சினை உறும விட்டு, மறுபடி ஒரு மிதி. அப்புறம்தான் கீழ்க் கியர் விழும். டபுள் கிளட்ச் என்பார்கள். இறக்கத்து வளைவென்றால் இன்னும் கஷ்டம். வலது காலின் முன்பாதம் பிரேக்கில், குதிகால் எக்ஸிலேட்டரில். சாமிக்கண்ணு வெறுங்காலோடு இதையெல்லாம் அநாயாசமாகச் செய்வான். கிராம்பை மென்றுகொண்டே சேகரனைச் சீண்டுவான்.

"செருப்பக் கழட்டுடா மச்சான். இந்த லெப்ட் கால வெச்சிக்கிட்டு நீ மாடுதான் மேய்க்கலாம் லா."

சேகரனுக்கு அது பிடிபடவே இல்லை. பிடிபடுவதற்குள் சாமிக்கண்ணு போய்விட்டான்.

மேடு வந்தது. வண்டி முக்கியது. சேகரன் கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். கர்ர்ர்ர்... பல்லோடு பல் உரசுகிற சத்தம். மறுபடியும் கர்ர்ர்ர். வண்டி இளைத்துப்போய் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் கமலவேணியின் முனகல் நின்றுவிட்டது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது கிராம்பு வாசம் வந்தது.

அவர் இடது கால் செருப்பை ஏதோ ஒன்று தட்டிவிட்டது. பாதத்தின் மேல் வந்து அமர்ந்தது. ஈரமாக... ஜில்லென்று. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்ததாம் அவருக்கு. மிதித்தது. விட்டது. எஞ்சின் தானாக உறுமியது. மறுபடி ஒரு மிதி.

கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

உச்சி. உடனே வளைவு, இறக்கம். பிரேக்கை மிதித்தார். யாரோ அவர் வலது குதிகாலைப் பிடித்து, மெதுவாகத் திருப்பி, எக்ஸிலேட்டரில் வைத்தார்கள். வண்டி வழுக்காமல் திரும்பியது. அதே நேரம் புதருக்குள்ளிருந்து ஒரு டார்ச் விளக்கு நேராகக் காருக்குள் அடித்தது. சேகரன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சுடவில்லை. டார்ச் பிடித்தவன் அலறுகிற சத்தம்தான் கேட்டது. அவன் என்ன பார்த்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கமலவேணியை ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியநாயகி வாசலில் நின்றாள். சேகரன் காரை விட்டு இறங்கவே இல்லை. கிராம்பு வாசம் இன்னும் போகவில்லை. ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு அழுதார்.

"மச்சான்... எங்களக் கொண்டாந்து சேத்துட்டேடா. இத என்னைக்கும் மறக்கமாட்டேன். சரிடா... போயிட்டு வா."

வாய்ப் பழக்கம். வந்தவரை நாம் வேறு எப்படி அனுப்புவோம்?

பெரியநாயகி ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். "அடப்பாவி! செத்தவன்கிட்ட யாராச்சும் வான்னு சொல்லுவாங்களா? இழவு வீட்டுலயே சொல்லமாட்டோமே!"

அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டது. காருக்குள் கிராம்பு வாசம் சட்டென்று அற்றுப்போனது.

தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆண் பிள்ளை. ஆனால் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து... இடது கால் மட்டும். ஒரு உதை. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு உதை. சேகரன் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவே இல்லை. தொட்டில் பக்கம் தனியாக இருக்கவும் மாட்டாராம், பெற்ற பிள்ளையாக இருந்தும்.

அந்தப் பிள்ளை யார் என்றால்... இருங்கள். ஹாரன் கேட்கிறதா?

ஆமாம். பாலாதான்.

அவனிடம் எதுவும் கேட்காதீர்கள், பாவம். அவன் கார் ஆட்டோ கியர். அதில் கிளட்சே கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. முன் சீட்டில் ஏறுகிறவர் மட்டும் அவன் இடது காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பைப் பாருங்கள். போன வருஷம் மாற்றியது. அதற்குள் தேய்ந்து குழிந்திருக்கிறது... வெறும் பாதம், ஐந்து விரலோடு.

பாலா எப்போதும் ஷூ போட்டுத்தான் ஓட்டுவான்.