சக்களத்திக் கல்

மாலை ஐந்து மணி. டிசம்பரில் லண்டனுக்கு அது நல்ல இருட்டு. கோலியர்ஸ் வுட்டில், வாண்டில் ஆற்றோரப் பாதை... ஆள் அரவமே இல்லை. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி கோதை மட்டும் நடந்துகொண்டிருந்தாள். எண்பத்தெட்டில் நடந்தது. நம் சிவானந்தனோடு வேலை செய்கிற வத்சலா இருக்கிறாள் அல்லவா, அவளுக்குச் சித்தி பெண் இந்தக் கோதை. அந்தக் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், சொல்கிறேன்.

பைக்குள் ஒரு கல். கோதையின் கணவர் சேஷாத்ரி மானிடவியல் ஆய்வாளர். பிரேசிலில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் போனவர்களின் வழிவந்தோர் கும்பிடும் ஓஷும் என்ற ஆற்றுத் தெய்வத்தின் கல் அது. ஆய்வுக்குப் போனபோது அங்கே ஒரு பூசாரி அம்மாள் அவர் கையில் கொடுத்தாளாம். வெள்ளைப் பீங்கானில் வைத்துத் தினமும் தண்ணீரும் தேனும் விட்டார். முதல் மாதம் ‘ஆய்வுப் பொருள்’ என்றார். மூன்றாம் மாதம் ‘அவள்’ என்றார்.

கோதைக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட ‘சாப்பிட்டாயா’ என்று கேட்காத மனுஷன், கல்லுக்குப் படைக்காமல் காபியைத் தொடமாட்டார்.

“சாமியோட அடையாளம்னு கட்டுரையில எழுதினேன், கோதை. தப்பு. அதுவேதான் அவ.”

சொல்லும்போது வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

குப்பையில் போட மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் சாமி. பின்னமான விக்கிரகத்தை ஓடும் தண்ணீரில் விடுவதுதானே நம் வழக்கம்? ஆற்றுத் தெய்வத்தை ஆற்றிலேயே கொண்டுபோய் விட்டாள், அசடு.

தொபுக்... அவ்வளவுதான் சத்தம். திரும்பி நடந்தாள். ஈரப் பாதையில் அவளுடைய பூட்ஸ் சத்தம். பின்னால் இன்னொரு சத்தம்... வெறுங்கால். நின்றாள். அது நிற்கவில்லை. அவளை ஒட்டி உரசி, முந்திக்கொண்டு, வீட்டுப் பக்கம் போனது.

கதவில் சாவி திரும்பியது. உள்ளே சங்கிலி தடுத்தது. இடுக்கில் சேஷாத்ரியின் முகம். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“யார் வேணும் உங்களுக்கு?”

சமையலறையிலிருந்து ஒரு குரல். “ஏன்னா, யாரு வாசல்ல?”

கோதையின் குரல்... அச்சு அசல்.

அன்றிலிருந்து கோதை நோர்பரியில், வத்சலா வீட்டு மாடியறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போன் அடிக்கும். கோலியர்ஸ் வுட்டிலிருந்து கோதை வத்சலாவிடம் பேசுவாள். எல்லாரையும் பேர் சொல்லி நலம் விசாரிப்பாள். வைக்கும்போது மட்டும் குரல் தணியும்.

“மாடியில ஒருத்தி இருக்காளே... அவளை அவர் பக்கம் அண்ட விடாதேடி.”