வலது கால் பூட்ஸ்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, திருச்சபையின் மூப்பர்களே, முதல் வரிசையில் கறுப்பு முக்காட்டுக்குள் அமர்ந்திருக்கும் என் அன்புச் சகோதரி ஹெஸ்டர் பெட்வே அவர்களே, இடம் கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே! கர்த்தருடைய நாமத்தில் உங்கள் எல்லோருக்கும் லவினியா கெய்ன்ஸ் ஆகிய என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். முடிக்கத்தான் வேண்டும். ஏனென்றால், இன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எனக்கோ நின்ற இடத்தில் கால் நிலைக்கவில்லை.

எனக்கு மட்டுமா? உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாடும்போதும் சன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். ஜெபம் பண்ணும்போதும் ஒரு கண்ணைத் திறந்து சன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். ஏன்? அங்கே மில் தெருவில், ஹெஸ்டரின் கணவர், மறைந்த நம் சகோதரர் கொர்னேலியஸ் பெட்வே அவர்களின் பூட்ஸ் கடை மூடிக் கிடக்கிறது. கதவில் கறுப்புத் துணி தொங்குகிறது. எதிரே ஒரு வண்டி நிற்கிறது. அந்த வண்டி காலையிலிருந்து நிற்கிறது. அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. வெறும் பெட்டிகள். வெறும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒருவர் எதற்காகக் காத்திருப்பார்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதைப் பிறகு பேசுகிறேன். முதலில் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

கொர்னேலியஸ் பெட்வே! இந்தக் கார்வெல் ஊரில் கறுப்பர்களாகிய நம்மவருக்கு முதன்முதலில் நாற்காலி போட்ட வியாபாரி! ஆம், நாற்காலிதான். அதற்கு முன் நமக்கு எந்தப் பூட்ஸ் கடையில் நாற்காலி இருந்தது?

இளையவர்கள் சிலருக்குத் தெரியாது. நீதிமன்றச் சதுக்கத்துக் கடைகளில் நாம் பூட்ஸைக் காலில் போட்டுப் பார்க்கக் கூடாது. இன்றைக்கும் கூடாது. வீட்டிலேயே ஒரு கயிற்றால் காலை அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துப் போக வேண்டும். கயிறு இல்லாதவர்கள் காகிதத்தில் காலை வரைந்து வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் வாங்கி முடிக்கும்வரை சுவரோரம் நிற்க வேண்டும். கடைப் பையன் கயிற்றைப் பூட்ஸுக்குள் விட்டுப் பார்ப்பான், தூக்கிக் கொடுப்பான். கடித்தாலும் நம்முடையது, கழன்றாலும் நம்முடையது. திருப்பிக் கொடுக்க முடியாது.

என் கல்யாணத்துக்கு நானும் அப்படித்தான் போனேன். மூன்று மைல் நடந்தேன். வழியில் மழை. பருத்திக் கயிறு நனைந்தது. சதுக்கம் போய்ச் சேருவதற்குள் உலர்ந்துவிட்டது. உலர்ந்த கயிறு சுருங்கும் என்பது பதினெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. “ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டேன். “நீ போட்டுப் பாத்தா அப்புறம் அதை எவ வாங்குவா?” என்றான் கடைப் பையன். என்னைவிடச் சின்னவன் அவன். கல்யாணத்தில் நான் அழுதேன். தாயைப் பிரியும் துக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை, சபையோரே. பெருவிரல்!

ஒன்பது வருடத்துக்கு முன் சகோதரர் பெட்வே கடை திறந்தார். முதல் நாள் பெண்கள் பதினொரு பேர் போனோம். எண்ணித்தான் சொல்கிறேன். பதினொரு பேரும் உள்ளே போய் என்ன செய்தோம்? சுவரோரமாக வரிசையில் நின்றோம்! ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு. கடையில் வேறு ஒருவருமில்லை. எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. நாங்கள் நின்றோம். பழக்கம் அப்படி.

அவர் எங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கும் திருமதி டெம்பி ரோலண்ட் அம்மாவிடம் போனார். நாற்பது வருடம் ஊர்த் துணியெல்லாம் வெளுத்த அம்மா. சதுக்கத்தில் அவரை “ஏ டெம்பி” என்பார்கள். இவர் என்ன சொன்னார்?

“திருமதி ரோலண்ட் அம்மா, உக்காருங்க.”

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

“நான் கயிறு கொண்டாந்திருக்கேன் தம்பி.”

“காலே வந்திருக்கே அம்மா, கயிறு எதுக்கு?”

“கால்ல மண்ணு.”

“மண்ணு பூட்ஸுக்குப் புதுசா? உக்காருங்க.”

உட்கார்ந்தார். சகோதரர் பெட்வே மண்டியிட்டார். அவருடைய முழு நீளக் கறுப்புக் கோட்டோடு, அந்தப் பலகைத் தரையில் மண்டியிட்டார்! ஈரத் துணியால் அம்மாவின் காலைத் துடைத்தார். ஒரு காலைத் தொட்டுப் பார்த்தார், மறு காலைத் தொட்டுப் பார்த்தார்.

“அம்மா, உங்க இடது கால் வலதைவிடப் பெருசு. தெரியுமா?”

“அம்பத்தாறு வருசமா கூடவே நடந்து வருது, எனக்குத் தெரியாதா? கயித்துக்குத்தான் தெரியல!”

அன்று அந்தக் கடையில் எழுந்த சிரிப்பு சதுக்கம்வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் அவருடைய தொழில். அம்மாவுக்காக இரண்டு பெட்டிகளைப் பிரித்தார். பெரியதில் இடது, சின்னதில் வலது. மீதியை என்ன செய்வது? யார் வாங்குவார்? வருகிறவர் காலையெல்லாம் காகிதத்தில் வரைந்து, பெயர் எழுதி, ஒரு இழுப்பறையில் வைத்தார். தேடிக்கொண்டே இருந்தார். நான்கு மாதம் கழித்து ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருக்கு வலது பெரிசு! அன்றிலிருந்து இந்த இரண்டு பெண்களும் இரண்டு ஜோடி பூட்ஸைப் பங்கிட்டு நடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை!

செவ்வாய்க்கிழமை நானும் ஹெஸ்டரும் அந்த இழுப்பறையைத் திறந்தோம். நானூற்றுப் பன்னிரண்டு காகிதக் கால்கள். இரண்டு தடவை எண்ணினேன். என் காலும் இருந்தது. உங்கள் காலும் இருக்கிறது.

நாம் எல்லோரும் உடனே அவரிடம் போய்விட்டோமா? உண்மையைச் சொல்ல வேண்டும், இது தேவனுடைய வீடு. நம்மில் பலர் சதுக்கத்துக்கே திரும்பிப் போனோம். அங்கே வாங்கிய பூட்ஸ் நடக்கும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் போடும், புதுசு என்று ஊருக்கே தெரியும். மூப்பர் சைலஸ் பிராடக் ஐயா காணிக்கைத் தட்டோடு நடந்து வந்தால் பாட்டே கேட்காது. ஐயா, நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை. “என்ன பெட்வே, உன் கடை பூட்ஸ் ஊமையா?” என்று நீங்கள் கேட்டீர்கள். “ஐயா, உங்க பூட்ஸ் கத்துது, என்னன்னு கேளுங்க. கடிக்குதோ என்னமோ” என்றார் அவர். அடுத்த மாதம் நீங்கள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள்!

இனி திங்கட்கிழமையைச் சொல்லுகிறேன். சொல்லத்தான் வேண்டும். நண்பகல் நேரம். திருமதி ரோலண்ட் அம்மா நாற்காலியில் இருந்தார். இடது பூட்ஸை மாட்டி, பித்தான்களைக் கொக்கியால் இழுத்துப் பூட்டினார் சகோதரர். “வலது கால் பூட்ஸ் மேல் தட்டுல இருக்கு, ஒரு நிமிசம்” என்று ஏணியில் ஏறினார். அந்த ஒரு நிமிடம் முடியவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், விழுந்தார். அம்மாதான் அவர் தலையை மடியில் தாங்கினார். ஹெஸ்டர் பின்கட்டிலிருந்து ஓடி வருவதற்குள் கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

ஏன் அவரை? ஏன் ஐம்பத்திரண்டு வயதில்? ஐந்து நாளாக மண்டியிட்டுக் கேட்கிறேன். பதில் வரவில்லை. பதில் வரும்வரை சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஏனென்றால், புதன்கிழமை ஹெஸ்டரின் சமையலறை வாசலுக்கு ஒருவர் வந்தார். கட்டிட உரிமையாளரின் ஆள். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. ஒரு காகிதத்தைக் காட்டினார். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல, எழுத்துக் கூட்டி நானாகக் கற்றவள். ஆனால் மூன்று தடவை வாசித்தேன். கடை தொடர்ந்து ஆறு நாள் திறக்காமல் கிடந்தால் வாடகை ஒப்பந்தம் முறியும் என்று இருக்கிறது. ஞாயிறும் கணக்கில் உண்டு. சதுக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அந்த இடத்தைத் தம் சரக்கறையாக்கக் கேட்டுவிட்டார். அந்த வண்டி அவருடையதுதான்.

விரல் விட்டு எண்ணுங்கள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாளை சனி, ஐந்து. ஞாயிறு ஆறு. ஞாயிறு நாம் கடை திறப்பவர்களா?

நம் வழக்கம் என்ன? அடக்கம் முடியும்வரை கதவில் கறுப்புத் துணி, கடை அடைப்பு. சிகாகோவிலிருந்து சகோதரரின் மகன் ரயிலில் வந்து சேர்வது செவ்வாய்க்கிழமை. அன்றுதான் அடக்கம். அதாவது, மரியாதைக்காக நாமே கதவை மூடி வைத்து, நம் கையாலேயே அந்தக் கடையையும் அடக்கம் பண்ணப்போகிறோம்! இதற்காகவா அவர் ஒன்பது வருடம் மண்டியிட்டார்?

சனிக்கிழமை திறக்கலாம் என்று நான் சொன்னபோது மூப்பர் ஐயா கோபப்பட்டார். “பெட்டி இன்னும் மண்ணுக்குள்ள போகல, அதுக்குள்ள கடை மணி அடிக்கணுமா லவினியா? ஊர் என்ன பேசும்?” என்றார். தப்பாகக் கேட்கவில்லை. என் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. பதில் சொன்னது ஹெஸ்டர். “அவரு கறுப்புத் துணிக்கு வெளியில ஒரு அம்மாவையும் நிக்க வச்சிருக்க மாட்டாரு, மூப்பரே” என்றார். மூப்பர் ஐயா, இப்போது தலையசைக்கிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கடையைத் திறந்துவிடலாம். மண்டியிடுவது யார்? ஹெஸ்டரின் மூட்டு மடங்காது. ஆண்களைக் கேட்டேன். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவருக்கு முதுகுவலி வந்தது. “வெளுக்கிற பொம்பளை காலைப் பிடிக்கச் சொல்றியா அக்கா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். பெயர் சொல்ல மாட்டேன்.

சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சகோதரர் பெட்வே என்னிடம் கேட்டார். “திருமதி கெய்ன்ஸ் அம்மா, சனிக்கிழமை கிராமத்து வண்டியெல்லாம் வருது. பெண்கள் பக்கம் ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?” நான் நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னேன், “கர்த்தர் முன்னால தவிர நான் யார் முன்னாலயும் மண்டி போட மாட்டேன்.” அவர் கோபப்படவில்லை. “வருசத்துக்கு ஒரு நாள் சபையில ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவுறோமே, அன்னைக்கு யார் முன்னால மண்டி போடுறீங்க?” என்று கேட்டார்.

வீட்டில் விளக்கு எண்ணெய் எவ்வளவு, மாவு எவ்வளவு, எல்லாம் துல்லியமாகச் சொல்வேன். இந்த ஒரு கேள்விக்கு இரண்டு வருடமாக என்னிடம் பதில் இல்லை. நான் பதில் சொல்வதற்கு முன்பே அவர் போய்விட்டார். இந்த வாரம் எனக்குத் தூக்கம் வராததற்கு வண்டியும் காகிதமும் மட்டும் காரணம் அல்ல, சபையோரே.

இன்று சொல்லுகிறேன், அவர் கேட்கட்டும்! இதோ, கடைச் சாவி. இன்று காலை ஹெஸ்டர் என் கையில் கொடுத்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு நான் திறப்பேன். கறுப்புத் துணி அதன் இடத்திலேயே தொங்கட்டும். மணி அடிக்கட்டும். எல்லா வண்டிகளும் வரட்டும். எதிரே நிற்கும் வண்டி வெறும் பெட்டிகளோடு திரும்பிப் போகட்டும். நான் மண்டியிடுவேன். நாளைக்கு மட்டுமல்ல, கர்த்தர் எனக்கு மூட்டு கொடுத்திருக்கும்வரை! ஆண்கள் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும். முதுகுவலி தீர்ந்தவர் வரலாம்.

என் பத்து நிமிடம் முடிந்தது. ஒன்றே ஒன்று.

மூன்றாவது வரிசையைப் பாருங்கள். திருமதி டெம்பி ரோலண்ட் அம்மாவின் இடது காலில் புது பூட்ஸ். வலது காலில் பழைய கிழிசல். திங்கட்கிழமை எழுந்து நடந்தவர் அப்படியே நடந்துகொண்டிருக்கிறார். இன்று இந்தக் கூட்டத்துக்கும் அப்படியே வந்திருக்கிறார். வலது கால் பூட்ஸ் மேல் தட்டில் இருக்கிறது. எந்தப் பெட்டி என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா, நாளை முதல் ஆள் நீங்கள்தான். நான் நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பேன்.

கயிறு கொண்டுவர வேண்டாம். கால் வந்தால் போதும்.

ஆமென்.