ஊமைச் சமையல்காரி எங்கே?

— என்ன ரேடியோ, புத்தகத்தை மூடிட்டே? மேல வாசி.

— மேல ஒண்ணுமில்லை காஜா அக்கா. முடிஞ்சிருச்சு. இனிமே வெறும் அட்டைதான்.

— விளையாடாதே. சட்டையைப் பிடிச்ச கையோட உட்கார்ந்திருக்கேன், பட்டனுக்கு அடுத்த காஜா எங்க எடுக்கறதுன்னே தெரியலை. அந்த இருட்டு ராசா சூரியனைப் பெட்டியில வெச்சுப் பூட்டினான். அதைத் திறக்கத்தானே படகுக்காரி ஆறு புத்தகமா துடுப்புப் போட்டா? அவ ஏழாவதுல காய்ச்சல் வந்து செத்துப்போறா. அதுவும் நூறாம் பக்கத்துல.

— வெறும் காய்ச்சல் அக்கா. ஒரு அம்பு கூட இல்லை. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டு, தப்பாக் கேட்டுட்டோமோன்னு காதைக் குடைஞ்சேன்.

— உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு தம்பி. எழுதின ஆளுக்குத்தான் மூளை குழம்பிடுச்சு. அந்தச் சூரியன் பெட்டியாவது ஒழுங்கா திறந்துச்சா? துருப்பிடிச்சு, தானா திறந்துக்கிச்சாம். த்தூ. அதுக்கு எதுக்கு ஒருத்தி வீடு வாசலை விட்டுட்டுக் கிளம்பணும்? துருப்பிடிக்கட்டும்னு காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாமே.

— இருட்டு ராசாவை மன்னிச்சு விட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வெறுத்துப்போச்சு. ஊரையே எரிச்சவன், கொல்லைப்புறத்துல முள்ளங்கி போட்டுக்கிட்டிருக்கான்.

— மிச்சம் பூரா அரண்மனையில எவன் எந்த நாற்காலியில உட்காரணும்னு பஞ்சாயத்து. என் நாத்தனார் கூட நாற்காலிக்கு இவ்வளவு சண்டை போட்டதில்லை, அவ லேசுப்பட்டவளா? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சதுன்னு சொல்வாங்க. இந்த ஆளு தாழியைத் தூக்கி நம்ம தலையில இல்ல போட்டிருக்கான்.

— நியாயத்தைச் சொல்லு ரேடியோ. பக்கம் எதையாவது தாண்டினியா?

— ஒரு வரி தாண்டலை அண்ணே. சத்தியமா.

— எனக்கெதுக்கு வம்பு. ஆனா பட்டன் தைக்கிறவ என்ன சொல்றான்னா, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரு வாரமா பேச்சில்லையாம். அந்தக் கடுப்பைக் கதையில காட்டிட்டியாம்.

— அவர் வெளியூர் போயிருக்கார் அக்கா.

— போனாரா, போக வெச்சியா?

— அக்கா.

— சரி சரி, அது உங்க வீட்டுச் சமாசாரம். நாளைக்குக் கேட்டுக்கறேன். என் ஊமைச் சமையல்காரி எங்க? அதைச் சொல்லு. கரண்டியாலயே பேசுவாளே. தளபதி உப்பு குறைச்சல்னு சொன்னப்ப அவன் கவசத்துல டங்குன்னு ஒண்ணு போட்டாளே, அன்னிக்குச் சிரிச்ச சிரிப்புல நான் ஒரு சட்டைக்கு முதுகுல காஜா எடுத்தேன். அவ என்ன ஆனா?

— இந்தப் புத்தகத்துல அவ இல்லை.

— இல்லைன்னா? செத்தாளா, எவனையாவது கட்டிக்கிட்டுப் போனாளா?

— அவளைப் பத்திப் பேச்சே இல்லை அக்கா.

— என் நொண்டிக் கழுதை?

— அதுவும் இல்லை அண்ணே.

— ஒரு வார்த்தை கூடவா? படகுக்காரி செத்தான்னு அந்தக் கழுதைக்கு யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா?

— விடு தம்பி. சமையல்காரியையே மறந்தவன், பெத்த பிள்ளையை பஸ்ல விட்டுட்டு இறங்கிப் போற ஜாதி. இதே ஆளுதானே மத்த ஆறையும் எழுதினான்? என்ன கை, என்ன கைன்னு வாய் வலிக்கச் சொன்னேனே.

— சொன்னீங்க. தினமும் சொன்னீங்க.

— உன் மேல தப்பில்லை. நீ பாவம், இருக்கறதை வாசிக்கிறவ. ஆனா ஒண்ணு பேசியாகணும். கை வேலைக்கு, காது கதைக்குன்னு சொல்லித்தானே உன் பங்குத் துணியை நாங்க எல்லாரும் பிரிச்சுத் தைக்கிறோம்? கதையே நாறிப்போச்சு. திங்கட்கிழமையிலிருந்து நீ உன் மிஷின்ல உட்காரு.

— என் மணிக்கட்டு தாங்காது அக்கா. உங்களுக்குத் தெரியாததா? மிஷின்ல உட்கார்ந்தா ரெண்டே மாசம், அப்புறம் வேலையை விட்டுட்டு வீட்டுல கிடக்க வேண்டியதுதான்.

— எனக்கும் மனசு கேட்கலை. ஆனா இந்தக் கண்றாவிக்கா நான் கூடுதலாக் கழுத்தொடியணும்? நீ சொல்லு தம்பி.

— கஷ்டமாத்தான் இருக்கு. நானும் இவளுக்காக நூல் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா அக்கா சொல்றதும் நியாயம்.

— வேற புத்தகம் வாசிக்கிறேன் அக்கா.

— எவன் புத்தகத்தை? எல்லாப் பயலும் கடைசியில காய்ச்சலைத்தான் வரவழைப்பான். முதல் ஆறு மாதிரி இன்னொருத்தன் எழுதிடுவானா?

— எவனும் எழுத வேண்டாம். கைக்குக் கிடைச்ச எதையாவது கொடுங்க. மிஷினோட வருமே, எண்ணெய் எங்க விடணும், ஊசி எப்படி மாத்தணும்னு ஒரு புத்தகம், அது கூடப் போதும்.

— கேட்டியா தம்பி? மணிக்கட்டுல இருந்த நோவு மண்டைக்கு ஏறிடுச்சு.

— இருங்க அக்கா. ரேடியோ, நானும் ரொம்ப நாளாக் கவனிச்சேன். இந்தப் புத்தகத்துல உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. தலையைத் தூக்கவே இல்லை நீ. முன்னெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துல்ல வாசிப்பே.

— ஆறு புத்தகமும் அந்த ஆளு கையையே புகழ்ந்தீங்க அண்ணே. எனக்கு எரிச்சலா வந்துச்சு. சரி, ஒரு தடவையாவது அவன் சொல்றதை நீங்களே கேட்டுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்.

— விட்டுட்டியா? எதைடி விட்டே?

— ஏழுல இது ஒண்ணைத்தான் அக்கா, எழுதியிருந்தபடி வாசிச்சேன்.